காக்கை தொடாத மீன்

கவிழ்த்து வைத்த பானையில் நான் கை வைத்தால் போதும், ஆறு கோழிகளும் என் காலைச் சுற்றிக்கொள்ளும். ஒருத்தி அவசரம் தாங்காமல் என் கணுக்காலையே கொத்துவாள். "இருங்கடி, உங்களுக்குத்தான்டி" என்று இடது காலால் தள்ளிவிட்டுப் பானையை நிமிர்த்துவேன். உள்ளே இருக்கிற சாணியும் கோணித் துண்டும் தெரியாத அளவுக்குக் கரையான் நெளியும். தரையில் தட்டினால் பொரி கொட்டியது போல உதிரும். அப்புறம் அலகுகள் மண்ணில் படுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அறைக்குள் கயிற்றுக் கட்டிலில் என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருப்பார். அந்த ஒரு வருஷம் முழுக்க எனக்குக் காலை என்றால் இந்த இரண்டு சத்தம்தான்.

கரையான் பானை

இந்தத் தொடரில் முன்பு ஒருமுறை கரையான் பானை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது என்ன சமையல் என்று கேட்டுச் சிலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சமையல்தான், ஆனால் உங்களுக்கு இல்லை.

ஓட்டைப் பானை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாணி, கிழிந்த கோணி, வைக்கோல் கூளம் இவற்றை அதில் திணித்துத் தண்ணீர் தெளியுங்கள். கரையான் ஏறுகிற மண்ணாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் எடுத்தால் ஆறு கோழிக்குப் பந்தியே போடலாம். நான் பிறந்த ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே, மானம் பார்த்த பூமி. அங்கே கோழி வளர்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். புதுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நான் கொண்டுவந்த சீதனத்தில் உருப்படியானது இந்த ஒன்றுதான்.

கரையான் மட்டுமில்லை. நொய்யும் தவிடும் பிசைந்து, முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு உருண்டை பிடிப்பேன். ஆடு அறுக்கிற இடத்தில் போய் உறைந்த ரத்தம் வாங்கி வந்து, வேகவைத்து உதிர்த்துப் போடுவேன். மழைக்காலத்தில் நத்தையைக் கல்லில் தட்டிக் கொடுப்பேன். அடுத்த வீட்டு மேரி அக்கா காய்ந்துபோன ரொட்டி ஓரங்களைத் தண்ணீரில் ஊறவைத்துத் தருவார். அவருடைய புருஷன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா. அவர் செத்த பிறகும் அந்த வீட்டில் காலையில் ரொட்டிதான்.

"இன்னாடி சரோசா, புருசனுக்குக் கஞ்சி, கோழிக்கு விருந்தா?" என்று மேரி அக்கா கேலி பண்ணுவார்.

கேலி இல்லை, உண்மைதான். கோழி நன்றாகத் தின்றால்தான் அவருக்கு முட்டை.

மருந்து

என் வீட்டுக்காரர் மாணிக்கம், பஞ்சு மில்லில் நூல் நூற்கிற பிரிவில் இருந்தவர். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மில்லில் பாதி நாள் வேலை, பாதி நாள் பூட்டு. அவருக்கு அந்தப் பாதி நாளும் போயிற்று. நெஞ்சில் பஞ்சு சேர்ந்துவிட்டது என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். கைத்துண்டில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எங்கள் தெருப் பெரியவர்கள் அப்போதும் டாக்டரைப் பிரெஞ்சில் 'தொக்தேர்' என்றுதான் சொல்வார்கள். அந்தத் தொக்தேர் அவருடைய முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். ஊசி எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழை எண்ணி எண்ணிச் சொன்னார்.

"ஊசி நான் போடுவேன். சாப்பாடு நீ போடணும். தினம் ரெண்டு முட்டை. இல்லன்னா என் ஊசி சும்மா."

அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது எனக்கு வயது இருபத்தொன்றோ இரண்டோ. மாமனார் மாமியார் இல்லை. பிள்ளை இல்லை. இந்த மனுஷன் ஒருவர்தான், அவரும் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கே காதில் கிடந்ததைக் கழற்றி ஐந்து பெட்டை வாங்கினேன். ஏற்கெனவே இருந்த கருவாச்சியோடு ஆறு.

அஞ்சலை அக்கா

கோழிக்கு மீன் போட்டால் முட்டை கனமாக வரும் என்று எனக்குச் சொன்னவள் அஞ்சலை அக்கா. பிள்ளைச்சாவடியிலிருந்து தலையில் மீன்கூடையோடு வருவாள். எங்கள் தெருவுக்கு வரும்போது சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருக்கும்.

நான் மேட்டுக்காட்டுப் பெண். எனக்குத் தெரிந்த மீன் ஏரியில் கிடைக்கிற கெண்டையும் கெளுத்தியும்தான். கடல் மீனில் சங்கராவுக்கும் மத்திக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்ற என்னை அவள் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. என் வீட்டு வாசலில் கூடையை இறக்குவாள், நீராகாரம் கேட்பாள். குடித்துவிட்டு, மற்ற வீடுகளில் ஆய்ந்து கொடுத்த மீனின் தலையையும் குடலையும் எனக்கென்று இலையில் கட்டித் தருவாள். மாதத்துக்கு ஒருமுறை இறால் தலையைக் காயவைத்து இடித்த தூள் ஒரு டப்பா நிறைய.

"கோழிக்குப் போடு தங்கச்சி. அண்ணனுக்கு முட்டையாப் போவட்டும்" என்பாள்.

கிளம்பும்போது கூடையைத் தூக்கிவிட ஒரு கை வேண்டும். மீன்கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒரு பக்கம் அவள் பிடிப்பாள், மறு பக்கம் நான் பிடிப்பேன். "ம்" என்பாள், தூக்குவோம். மீன் தண்ணீர் என் தோளில் சொட்டும். குளித்துவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் திட்டிக்கொண்டே தூக்குவேன்.

பொறுக்காதே

அந்த வருஷ மழையில் கோழிகள் இறகு உதிர்த்தன. இறகு உதிர்க்கிற கோழி முட்டை இடாது. மார்கழி பிறந்தும் நான்கு நாளைக்கு ஒரு முட்டை கிடைத்தால் அதிகம். கருவாச்சி வேறு அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். கடனுக்கு முட்டை கேட்டுக் கேட்டு என் முகம் தெருவுக்குப் பழகிப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை அக்காவும் வரவில்லை. அவளுடைய அம்மா செத்துவிட்டாள், பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரைக்கும் கூடை தூக்கமாட்டாள் என்று வேறொரு மீன்காரி சொன்னாள். டப்பாவில் இறால் தூள் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ரோஷக்காரர். ஒருமுறை சந்தை வாசலில் மூட்டை பிரிந்து கொட்டிய நொய்யை நான் முந்தானையில் அள்ளி வந்தேன். அதை அப்படியே தெருவில் கொட்டச் சொன்னார்.

"கேட்டு வாங்கு, இல்ல காசு குடுத்து வாங்கு. கீழ கெடக்கறத எம் பொண்டாட்டி பொறுக்கினான்னு தெரிஞ்சா அன்னியோட இந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்கிற ஆள். மில்லில் மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னதற்காகப் பதினோரு நாள் வேலைக்குப் போகாதவர். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவர் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வரிசையில் நிற்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வடக்கே நடந்தேன்.

பிள்ளைச்சாவடி மணலில்

கோட்டக்குப்பம் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பிள்ளைச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியவலையை இழுத்து முடித்திருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை அக்கா வீட்டில் கேட்கலாம் என்றுதான் போனேன். துக்க வீட்டில் போய் மீன்குடல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். வலைக்கு இந்தப் பக்கம் மணலில் ஏராளமாகச் சின்ன மீன்களை எறிந்து வைத்திருந்தார்கள். உள்ளங்கை நீளம், வயிறு மட்டும் உப்பலாக, தோல் முள்முள்ளாக. பல் கிளி மூக்கைப் போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி ஒரு மத்தித் தலைக்கு ஏழெட்டுக் காக்கைகள் சண்டை போட்டன. இந்த மீன்களின் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

'காக்கை கண்ணில் படாமல் எனக்கென்று கிடக்கிறதே' என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். காக்கை கண்ணில் படாத மீன் ஒன்று உலகத்தில் உண்டா?

குனிந்து பையில் அள்ளினேன். பாதி நிரம்பும்போது வலைப்பக்கத்திலிருந்து ஒரு ஆள் கையை வீசிக்கொண்டு உரக்கக் கத்தினான். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. நின்று கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குள்ளே ஏற்கெனவே என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். திருடி என்கிறான், பொறுக்கி என்கிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஓடினேன். சவுக்குத்தோப்பு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் கொஞ்ச தூரம் என் பின்னால் ஓடிவந்து நின்றிருந்தான்.

இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். திருடியைத் துரத்துகிறவன் அப்படிக் கைகளை ஆட்டி 'வேண்டாம் வேண்டாம்' என்று காட்டமாட்டான்.

ஐந்து கோழிகள்

மீனைக் கொல்லைப்புறத்தில், கட்டிலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மூலையில் காயவைத்தேன். மூன்று நாள் நல்ல வெயில். காவலுக்குக்கூட யாரும் வேண்டியிருக்கவில்லை. மேரி அக்கா வீட்டுப் பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அதையும் அதிர்ஷ்டம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை வறுத்து இடித்தேன். இரண்டு மீன் மட்டும் நன்றாகக் காயவில்லை, அவற்றை முறத்திலேயே விட்டேன். டப்பாவில் ஒட்டியிருந்த இறால் தூளையும் சுரண்டிச் சேர்த்து, தவிட்டில் பிசைந்து உருண்டை பிடித்தேன். ஐந்து பெட்டைகளும் சண்டை போட்டுத் தின்றன. கருவாச்சி கூடைக்குள் அடையில் இருந்ததால் எழுந்து வரவில்லை.

முதலில் ஒருத்தி கால் மடங்கி உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து மண்ணில் சாய்ந்தது. கத்தவில்லை, துடிக்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது, அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாக ஐந்தும் அப்படித்தான் போயின. நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அந்தக் கண்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

ரொட்டி ஓரம் கொடுக்க மேரி அக்கா வந்தார். "கோழிச் சீக்குடி. ரத்தம் உறையறதுக்குள்ள அறுத்துடு. ரெண்ட நான் எடுத்துக்கறேன்" என்று பாத்திரம் கொண்டுவரப் போனார்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "வீணாக்காத சரோசா. ஒன்ன சாறு வச்சுக் குடு. நாக்கு செத்துக் கெடக்குது."

பல மாதத்துக்குப் பிறகு அவராக வாய் விட்டு ஒன்றைத் தின்னக் கேட்டார். நான் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தேன். கோழியின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

"தொடாத! கீழ போடு!"

வாசலில் அஞ்சலை அக்கா. அம்மாவின் காரியம் முடிந்து அன்றைக்குத்தான் முதல் கூடை தூக்கியிருக்கிறாள். கூடையை எப்படித்தான் தனியாக இறக்கினாளோ, ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண் முறத்தில் கிடந்த அந்த இரண்டு மீன்மேல் இருந்தது.

"இது பேத்தை மீனு. உசுரக் குடிக்கிற விசம். வேவ வச்சாலும் போவாது, காய வச்சாலும் போவாது. காக்கா தொடாதுடி இத! இந்தக் கோழிய மனுசன் தின்னக் கூடாது. ஆழமாக் குழி தோண்டு, நாய்கூடத் தோண்டக் கூடாது."

அவளும் மண்வெட்டியைப் பிடித்தாள்.

நான் சொன்னது

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நின்றார். மேரி அக்கா காலிப் பாத்திரத்தோடு நின்றார்.

"இன்னா மீனு? இந்த மீனு வூட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

அஞ்சலை அக்கா என்னைத்தான் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். விலா எலும்பைப் பார்த்தேன். இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்ன வாய். நான் சொன்னேன்: "அஞ்சலக்கா குடுத்ததுதான். தூளோட சேத்துக் குடுத்தாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது பதினாறு நாளாக எங்கள் வீட்டுப் பக்கமே வராதவளின் தலையில். அதைக்கூட யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"நானா குடுத்தேன்?" என்று அஞ்சலை அக்கா ஒரே ஒருமுறை கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "தெருவுக்கே விசத்தக் குடுக்கப் பாத்தியேடி பாவி" என்றார். அவருக்குக் குரல் எப்போதுமே பெரிது. தெருக்குழாயில் நின்றவர்கள் வந்துவிட்டார்கள்.

அஞ்சலை அக்கா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வாசலுக்குப் போனாள். கூடையைத் தூக்கிவிட யாரும் வரவில்லை. நான் போகவில்லை. மண்டி போட்டுக் கூடையைத் தொடையில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு. பாதி மீன் மண்ணில் கொட்டியது. அதை அவள் பொறுக்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் அவளிடம் யாரும் மீன் வாங்கவில்லை. ஒரு வாரம் வெறும் குரலாக வந்துபோனாள். பிறகு குரலும் வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற பழமொழியைக் கேட்டால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன்.

மன்னிப்பு

முட்டை இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்காதீர்கள். தொக்தேரே சொல்லவில்லை. பங்குனி வெயில் தொடங்கும் முன் போய்விட்டார். போவதற்கு இரண்டு நாள் முன்னால், மூச்சை இழுத்து இழுத்து ஒரு விஷயம் சொன்னார்.

"அந்த மீன்காரி... தெரியாமக் குடுத்திருப்பா. பாவம். நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நெற்றியைத் துடைத்துவிட்டு, சரி என்று தலையாட்டினேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கருவாச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிள்ளைச்சாவடிக்கு நடந்தேன். அஞ்சலை அக்கா குடிசை வாசலில் கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். என் வெறும் நெற்றியைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலில் விழுந்தேன். கோழியை அவள் முன்னால் வைத்தேன். நான்தான் பொறுக்கினேன், அவருக்குப் பயந்து சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அவள் கேட்டு முடித்தாள்.

"அண்ணன் போனதுக்கு நானும் அழுவுறேன். ஆனா என் கால்ல வுழுந்து இன்னா ஆவப் போவுது? எனக்குத்தான் தெரியுமே நான் குடுக்கலன்னு. தெருவுல சொன்னதத் தெருவுல போயிச் சொல்லு. கோழிய எடுத்துக்கிட்டுப் போ."

கூடை நிரம்பிவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம் பிடிக்கக் குனிந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே பக்கத்துக் குடிசைப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வந்து பிடித்தாள். "ம்" என்றார்கள், தூக்கினார்கள்.

மறுநாள் காலை தெருக்குழாய்க்குப் போனேன். மேரி அக்கா இருந்தார், எல்லாரும் இருந்தார்கள். குடத்தை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். "இன்னாடி சரோசா?" என்று கேட்டார்கள். புருஷனைத் தின்றவள் என்று ஏற்கெனவே என் முதுகுக்குப் பின்னால் பேசுகிற வாய்கள். "குழாயில தண்ணி சன்னமா வருது" என்றேன். குடம் நிரம்பியதும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு அந்தக் குழாயும் இல்லை, மேரி அக்காவும் இல்லை. அஞ்சலை அக்கா இருக்கிறாளா என்று தெரியாது. இருந்தாலும் அவளுக்குப் படிக்க வராது. ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சிலர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள், எனக்குக் கடிதமும் எழுதுகிறார்கள். எனக்கு இருக்கிற தெரு இனி இதுதான்.

அஞ்சலை குடுத்த தூள் நல்ல தூள். பேத்தை மீனைப் பொறுக்கிக்கொண்டு வந்தது நான்.